சுங்கை சிப்புட் டவுன் கண்ணாடிக் கடை: "உங்கம்மாவுக்கு நடுப்பார்வை போயிருக்கா?"ன்னு கேட்ட முதல் ஆளு

போன மாசம் அம்மாவ இந்தக் கடைக்கு கூட்டிட்டு போனேன். சனிக்கிழமை, ஒரு மணி நேரத்துக்கு மேல காத்திருந்தோம், அது மட்டும்தான் குறை.

அதுக்கு முன்னாடி வேற ஒரு கடையில 600 வெள்ளிக்கு கண்ணாடி போட்டோம், பவர் மட்டும் பாத்துட்டு அனுப்பிட்டாங்க, அம்மா அப்பவும் பேப்பர்ல நடு எழுத்து தெரியலன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. இங்க இருக்கற பொண்ணு உக்கார வச்சதும் கேட்டது, "ஆன்ட்டி, உங்க அம்மாவுக்கோ கூடப்பொறந்தவங்களுக்கோ நடுப்பார்வை போயிருக்கா?" எனக்கு தூக்கி வாரிப் போட்டுச்சு. எங்க பாட்டி தோட்டத்துல பால்மரம் சீவுனவங்க, கடைசி காலத்துல நம்மள நேரா பாக்காம தலைய சாய்ச்சுத்தான் பாப்பாங்க, சில்லறைய விரலால தடவி எண்ணுவாங்க. லயத்துல எல்லாரும் வயசானா அப்படித்தான்னு விட்டுட்டோம்.

அப்புறம் கட்டம் போட்ட தாள் ஒண்ணு, ஆம்ஸ்லர் கட்டம்னு சொல்றது. ஒரு கண்ண மூடி நடுப்புள்ளிய பாக்க சொன்னாங்க. அம்மா "இந்தக் கோடு வளையுதே"ன்னாங்க. கம்ப்யூட்டர்ல விழித்திரை போட்டோ காட்டுச்சு, நடுவுல மஞ்சளா சின்னச் சின்ன புள்ளி. வயசுல வர மாக்குலா தேய்மானமா, அதாவது விழித்திரையோட நடுப்பகுதி தேயறதா இருக்கலாம்னு சொல்லுச்சு. சிஎஃப்எச்னு ஒரு ஜீன், எதிர்ப்பு சக்தி மிஞ்சிப் போகாம அடக்கி வைக்குமாம், அதுல வர ஒரு மாற்றத்துக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் இருக்குன்னு 2005ல கண்டுபிடிச்சாங்க, 10ஆம் குரோமோசோம்லயும் இந்த நோயோட சம்பந்தப்பட்ட ஒரு இடம் இருக்காம். ஜீன் இருந்தா கட்டாயம் வரும்னு இல்ல, ஆனா சிகரெட்டும் சேந்தா ஆபத்து ரொம்ப கூடும், மாமாகிட்ட சொல்லுங்கன்னுச்சு. ஜீன் டெஸ்ட்டுக்கு செலவழிக்காதீங்க, கண்ண வருஷா வருஷம் காட்டுங்க, அதுதான் முக்கியம்னும் சொல்லுச்சு.

ஒரு கண்ணாடி கூட விக்கல! ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு லெட்டர் எழுதி குடுத்துச்சு. விட்டமின் கேட்டேன், அது நோய் நடு நிலைக்கு வந்தவங்களுக்குத்தான், 2001ல வந்த அமெரிக்க ஆய்வுல அவங்களுக்கு முத்திப்போற ஆபத்து 25 சதவீதம் கொறஞ்சுச்சு, ஒண்ணும் இல்லாதவங்க சாப்பிட்டு பலன் இல்ல, டாக்டர் சொல்லட்டும்னுச்சு. சொந்தத் தங்கச்சி மாதிரி பேசுச்சு.

அந்தக் கட்டம் போட்ட தாள சும்மாவே குடுத்தாங்க, பிரிட்ஜ்ல ஒட்டியிருக்கோம், அம்மா காலையில டீ ஆத்தறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கண்ணா பாத்துடுவாங்க, கோடு திடீர்னு கூட வளைஞ்சா அன்னைக்கே ஓடி வரணுமாம். எனக்கும் போட்டோ எடுத்தாச்சு, இப்ப சுத்தமா இருக்கு. போறவங்க சனிக்கிழமைய விட்டுட்டு வார நாள்ல போங்க. ஆஸ்பத்திரியில சொட்டு மருந்து விட்டா கொஞ்ச நேரம் மங்கும், மோட்டார்ல தனியா போகாதீங்க.