எதிர்வீட்டுக் கதவும் என் வீட்டு அழைப்புமணியும்

அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடியோ அழைப்புமணியை, அதாவது வாசலில் நிற்பவரைக் கைபேசிச் செயலியில் காட்டும் கேமரா பொருத்திய மணியை, சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். படத்தின் தெளிவைப் பற்றியோ செயலியின் வேகத்தைப் பற்றியோ எனக்குப் பெரிய குறை இல்லை. நடைபாதையின் வெள்ளைச் சுவர் மிக அருகில் இருந்தால், இரவில் அகச்சிவப்பு ஒளி அதில் பட்டுத் திரும்பி, வந்தவரின் முகத்தை மங்கலாக்கிவிடும் என்பதை மட்டும் வாங்குவோர் அறிந்திருப்பது நல்லது.

இந்தக் கருவிகள் பெரும்பாலும் தனி வீட்டு வாசலை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டவை. தனி வீட்டில் கேமராவின் முன்னே இருப்பது சொந்த முற்றம்; அடுக்குமாடியிலோ சில அடி தொலைவில் எதிர்வீட்டுக் கதவு. அந்தக் கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே கூடத்தின் ஒரு பகுதி பதிவாவதோடு, அவ்வீட்டார் எப்போது புறப்பட்டனர், எப்போது திரும்பினர், எந்த நாட்களில் வீடு பூட்டிக் கிடந்தது என்பதெல்லாம் நேரக்குறிப்புடன் என் கைபேசியில் சேர்ந்துவிடும். என்னைத் தேடி வருவோரைவிட எதிர்வீட்டாரைப் பற்றியே கருவி அதிகம் அறிந்து வைத்திருக்கும் நிலை இது.

இதைத் தவிர்க்கச் செயலியில் இரு வேறு வசதிகள் உண்டு. இரண்டையும் ஒன்றெனக் கருதுவோரே மிகுதி. இயக்கப் பகுதி என்பது, எங்கே அசைவு நேர்ந்தால் கருவி விழித்துக்கொள்ள வேண்டும் என்பதை மட்டுமே வரையறுக்கிறது. பதிவு தொடங்கிவிட்டால் எதிர்வீட்டுக் கதவும் படத்தில் இருக்கத்தான் செய்யும். மறைப்புப் பகுதியோ, நாம் குறித்த இடத்தைப் படத்திலேயே கறுப்பாக்கிவிடுகிறது. அடுக்குமாடியில் தேவைப்படுவது இந்த இரண்டாவது வசதியே. அது இல்லாத கருவியை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன். அசைவுக்கெல்லாம் பதிவு செய்வதை நிறுத்தி, மணியை அழுத்தினால் மட்டும் பதிவாகுமாறு வைத்த பிறகு, தேவையற்ற அறிவிப்புகள் ஓய்ந்தன; மின்கலமும் கூடுதல் நாள் தாங்குகிறது.

படத்தைவிட ஒலி சிக்கலானது. கேமராவின் பார்வையைச் சுவர் தடுத்துவிடும். ஆனால் லிஃப்ட் அருகே இருவர் பேசுவதை ஒலிவாங்கி எட்டிப் பிடித்துவிடும். 2021-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு கவுன்டி நீதிமன்றம், அண்டை வீட்டார் இருவருக்கிடையிலான வழக்கில், அழைப்புமணியின் படப்பதிவைவிட ஒலிப்பதிவையே கடுமையாக நோக்கியது. தொலைவிலுள்ள பேச்சையும் பதிவது தேவைக்கு மீறியது என்று கூறியது. அதற்கு முன்பே, 2014-இல், வீட்டுக் கேமரா பொதுவழியையும் தொடர்ந்து பதிவு செய்தால் அதை முற்றிலும் சொந்த வீட்டுப் பயன்பாடாகக் கொள்ள முடியாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஆகவே ஒலிப்பதிவை அணைத்தே வைத்திருக்கிறேன். மணி அழுத்தியவருடன் பேச அது தடையாக இல்லை.

கதவுக்கு வெளியே உள்ள சுவர் பல குடியிருப்புகளில் பொதுச் சொத்தாகவே கருதப்படுவதால், ஆணி அடிக்கும் முன் சங்கத்தின் எழுத்து அனுமதியும், வாடகைக்கு இருப்பவரானால் உரிமையாளரின் ஒப்புதலும் பெறுவது முறை. தீத்தடுப்புக் கதவாக இருந்தால் அதில் துளையிடவே கூடாது. அதன் தீத்தாங்கும் திறன் கெடக்கூடும். எதிர்வீட்டாருக்குச் செயலியின் நேரலைப் படத்தைக் காட்டிவிடுவது, பத்துப் பக்க விதிமுறையைவிடப் பயனுள்ளது என்பது என் எண்ணம்.

பதிவுகள் எங்கே தங்குகின்றன என்பதும் முக்கியம். வீடியோ அழைப்புமணிகளைத் தயாரிக்கும் ரிங் நிறுவனத்தின் ஊழியர்கள் வாடிக்கையாளரின் தனிப்பட்ட வீடியோக்களைப் பார்க்க இடமளிக்கப்பட்டதாக அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2023-இல் குற்றஞ்சாட்ட, 58 லட்சம் டாலர் செலுத்த அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. பதிவை நிறுவனம்கூடப் பார்க்க முடியாமல், நம் கைபேசியில் மட்டுமே திறக்குமாறு பூட்டும் முனைக்கு முனை மறையாக்கம் இருந்தால் இந்த அச்சம் குறையும். ஆனால் அதற்காகச் சில வசதிகளை இழக்க நேரிடலாம். பதிவுகள் சில நாட்களில் தாமாக அழியுமாறு வைத்திருக்கிறேன். குடும்பத்தாருக்குக் கடவுச்சொல்லைத் தராமல், தனித்தனிப் பயனர் அனுமதி தந்திருக்கிறேன்.

பார்சல் காணாமல் போனதென்று யாரேனும் பதிவு கேட்டால், குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் இடுவதில்லை. காவல்துறை முறைப்படி கேட்டால் மட்டும், அந்த நேரத்துக்குரிய பகுதியை எடுத்துத் தருவேன். வீடு காலி செய்வோர் கருவியை அடுத்தவருக்கு விட்டுச் செல்வதாயின், பதிவுகளை அழித்து, தம் கணக்கிலிருந்து அதை நீக்கிய பிறகே சாவியை ஒப்படைக்க வேண்டும். இல்லையெனில் புதிதாகக் குடிவருவோரின் வாசல் பழையவரின் கைபேசியில் தெரிந்துகொண்டிருக்கும்.