ஜிம்மரா, கிளேயா? 2011இல் சாக்ரமெண்டோ கிங்ஸ் போட்ட கணக்கு

2011 ஜூனில் நடந்த என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) டிராஃப்டுக்கு, அதாவது அணிகள் வரிசைப்படி புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சிக்கு, முன்பு சாக்ரமெண்டோ கிங்ஸ் கையில் 7ஆவது தேர்வு இருந்தது. கல்லூரியில் புள்ளிகளைக் குவித்த கார்டு (வெளிவட்டத்தில் ஆடுபவர்) ஒருவர் வேண்டும் என்றால் அந்த ஆண்டு ஆளுக்குப் பஞ்சமே இல்லை. பிரிகம் யங் பல்கலைக்கழகத்தின் ஜிம்மர் ஃப்ரெடெட், கனெக்டிகட்டின் கெம்பா வாக்கர், வாஷிங்டன் ஸ்டேட்டின் கிளே தாம்ப்சன் என மூன்று பேர், மூவருமே ஆட்டத்துக்கு 20 புள்ளிக்கு மேல் எடுத்தவர்கள். கிங்ஸ் மூன்று அணிகள் சேர்ந்த ஒரு பரிமாற்றத்தில் தங்கள் 7ஐக் கொடுத்துவிட்டு, மில்வாக்கியின் 10ஆவது தேர்வையும் ஜான் சால்மன்ஸையும் வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பத்தில் வந்தவர் ஜிம்மர். அடுத்த இடத்தில், அதாவது 11இல், கோல்டன் ஸ்டேட் கிளேயை எடுத்தது.

பின்னால் நடந்ததை வைத்துக் கேலி செய்வது சுலபம். ஆனால் அன்றைய தேதியில் ஜிம்மரை எடுத்தது பைத்தியக்காரத்தனம் இல்லை. நான்காம் ஆண்டு மாணவர், ஆட்டத்துக்கு 28.9 புள்ளி, நாட்டிலேயே முதலிடம். அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான நெய்ஸ்மித், வூடன் விருதுகள் இரண்டும் அவருக்குத்தான். மார்ச்சில் நியூ மெக்சிகோவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 52. மூன்று புள்ளிக் கோட்டுக்கு நாலடி வெளியே நின்றுகூடப் போடுவார், விழும். இன்னொரு பக்கம், கிங்ஸ் உரிமையாளர்கள் அந்த வசந்தத்தில் அணியை அனஹைமுக்கே கொண்டுபோகப் பார்த்துவிட்டு, கடைசியில்தான் ஊரில் தங்கினார்கள். காலரியை நிரப்ப ஒரு முகம் தேவைப்பட்ட நேரம். நாடே பேரைச் சொல்லிக் கூத்தாடிக்கொண்டிருந்த பையன் கிடைத்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

அந்த 52ஐ மட்டும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது 37 ஷாட். பந்தை மேலே கொண்டுவருவது அவர், ஸ்க்ரீனை (எதிராளியை மறித்து வழிவிடச் சக வீரர் நிற்பது) கூப்பிடுவது அவர், முடிப்பதும் அவர். அணி முழுவதும் அவரைச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது, அதில் தப்பே இல்லை. ஆனால் என்பிஏவில் அந்தச் சாவியை அவரிடம் யார் கொடுப்பார்கள்? கிங்ஸில் ஏற்கெனவே டைரீக் எவன்ஸ் இருந்தார், 2010இன் சிறந்த புதுமுகம், பந்து கையில் இருந்தால்தான் அவர் ஆட்டம். டிமார்கஸ் கசின்ஸுக்கும் பந்து வேண்டும். மார்கஸ் தார்ன்டனும் ஷாட் தேடுகிறவர். போதாததற்குச் சால்மன்ஸ். பந்தோ ஒன்றுதான். கல்யாணப் பந்தியில் நாலு சமையல்காரருக்கு ஒரே கரண்டி மாதிரி ஆகிவிட்டது.

தற்காப்பு இன்னொரு தலைவலி. 6 அடி 2 அங்குலம், பக்கவாட்டு வேகம் குறைவு. இந்தக் கேள்வி டிராஃப்டுக்கு முன்பே எல்லோர் வாயிலும் இருந்தது. அதோடு அந்த ஆண்டு லாக்அவுட், வீரர்களோடு ஒப்பந்தம் அமையாமல் உரிமையாளர்கள் லீக்கையே மூடிவைத்த நேரம். கோடைக்கால லீக் கிடையாது, சீசன் கிறிஸ்துமஸுக்குத்தான் தொடங்கியது, 66 ஆட்டம். ஜனவரியில் பயிற்சியாளர் பால் வெஸ்ட்ஃபாலும் போய்விட்டார். ஒரு புதுமுகத்துக்கு இதைவிட மோசமான வரவேற்பு அமைவது கஷ்டம்.

ஜிம்மரின் ஷாட் கெட்டுப்போனதால் அவர் தோற்றார் என்று நினைப்பவர்கள் உண்டு. அது சரியில்லை. இரண்டாம் ஆண்டில் மூன்று புள்ளி எறிகளில் நூற்றுக்கு 41க்கு மேல் போட்டார். கை அப்படியேதான் இருந்தது, ஆட்டத்துக்குக் கிடைத்ததுதான் சுமார் 14 நிமிடம். பின்னாளில் சீனாவில் ஷாங்காய் அணி பந்தை முழுசாக அவர் கையில் கொடுத்தபோது ஒரு ஆட்டத்தில் 73 எடுத்தார்.

இப்போது கிளே. கடைசிக் கல்லூரி ஆண்டில் ஆட்டத்துக்கு 21.6. ஜிம்மரைவிட 7 புள்ளி குறைவு, பேரும் அவ்வளவு பிரபலமில்லை. ஆனால் 6 அடி 6 அங்குலத்துக்குக் குறையாத உயரம், ஓடி வந்து பந்தை வாங்கிய கையோடு எறியும் பழக்கம். எதிரணியின் நல்ல கார்டை மறிக்க இவரை நிறுத்தலாம். கோல்டன் ஸ்டேட்டில் அப்போதே ஸ்டீஃபன் கரி இருந்தார், பந்து அவரிடம். கிளேக்கு அது குறையாகவே படவில்லை. 2016 டிசம்பரில் இண்டியானாவுக்கு எதிராக 29 நிமிடத்தில் 60 புள்ளி எடுத்தார், அதற்கு அவர் பந்தைத் தரையில் தட்டியது மொத்தம் 11 தடவை. நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஆட்டம் அது. சும்மா ஓடிக்கொண்டே இருக்கிறார், திடீரென்று பந்து வருகிறது, போய்விடுகிறது.

கிங்ஸ் ரசிகர்களுக்கு அதைவிட வலிக்கும் ஆட்டம் ஒன்று உண்டு. 2015 ஜனவரி 23, எதிரணி சாக்ரமெண்டோவேதான். மூன்றாம் கால் பகுதியில் மட்டும் கிளே 37 புள்ளி. 13 ஷாட் எறிந்தார், 13ம் விழுந்தன, அதில் 9 மூன்று புள்ளி எறிகள். ஆட்ட முடிவில் 52, மொத்தம் 25 ஷாட். கல்லூரியையும் என்பிஏவையும் ஒரே தராசில் வைக்கக் கூடாதுதான், ஆனாலும் அதே 52க்கு ஜிம்மர் எறிந்த 37 ஷாட்டுக்கும் கிளேயின் 25க்கும் நடுவில் ஒரு சேதி இருக்கிறது.

“ஸ்கோரரை எடுக்காதே என்கிறாயா? அப்புறம் கரி?” என்று கேட்கலாம். நல்ல கேள்வி. கரியும் 2008-09இல் டேவிட்சன் என்ற சின்னக் கல்லூரியில் 28.6 எடுத்து நாட்டில் முதலிடம் வந்தவர். மினசோட்டா 5, 6 இரண்டிலும் வேறு கார்டுகளை எடுக்க, 7இல் கோல்டன் ஸ்டேட்டுக்குப் போனார். ஆனால் டேவிட்சனில் முதல் இரண்டு ஆண்டும் அவர் பாயிண்ட் கார்டே இல்லை. ஜேசன் ரிச்சர்ட்ஸ் பந்தைக் கொண்டுவருவார், கரி ஸ்க்ரீன்களைச் சுற்றி ஓடுவார். பந்து இல்லாமல் ஆடும் பாடத்தை அங்கேயே முடித்துவிட்டுத்தான் வந்தார்.

வாக்கரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் ஜெயித்து பிக் ஈஸ்ட் என்ற கல்லூரிப் பிரிவின் கோப்பை, பிறகு தேசியக் கோப்பை. 9ஆவதாகச் சார்லட் போய் அந்த அணியின் வரலாற்றிலேயே அதிகப் புள்ளி எடுத்தவரானார். ஜிம்மரைவிட வேகம், தானே இடத்தை உண்டாக்கும் கால்கள். ஆனால் அவருக்கும் பந்து வேண்டும், எவன்ஸோடு அதே இழுபறிதான் நடந்திருக்கும்.

இதில் வேடிக்கை, அதே இரவில் கடைசித் தேர்வான 60ஆவதில் கிங்ஸ் இன்னொரு ஸ்கோரரை எடுத்தார்கள். 5 அடி 9 அங்குல ஐசையா தாமஸ். முதல் சீசனிலேயே ஜிம்மரைத் தாண்டித் தொடக்க ஐவரில் நுழைந்தார், மூன்றாம் ஆண்டில் ஆட்டத்துக்கு 20.3. உயரத்தில் ஜிம்மரைவிடக் குள்ளம், தற்காப்பில் அதே பிரச்சினை. ஆனால் கூட்டத்துக்குள் புகுந்து போர்டுக்கு அடியில் முடிக்கத் தெரிந்தவர். 2014இல் கிங்ஸ் அவரையும் ஃபீனிக்ஸுக்கு அனுப்பினார்கள். 2016-17இல் பாஸ்டனுக்காக அவர் எடுத்த சராசரி 28.9. கல்லூரியில் ஜிம்மர் எடுத்த அதே எண், ஆனால் என்பிஏவில்.

எனவே என் கணக்கு இது. பந்தைக் கொண்டுவர ஆளே இல்லாத அணி என்றால் வாக்கர் போன்றவரை எடுக்கலாம், கொஞ்சம் தற்காப்பை விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை. ஜிம்மரை எடுப்பதென்றால் இரண்டாம் வரிசை ஆட்டக்காரர்களை அவரைச் சுற்றிக் கட்டும் துணிச்சல் வேண்டும், அது முதல் சுற்றின் பத்தாவது இடத்துக்கு அதிக விலை. எவன்ஸும் கசின்ஸும் ஏற்கெனவே வீட்டில் இருந்த கிங்ஸுக்குக் கிளேதான். அதற்கு 7ஐப் பிடித்து வைத்திருக்கக்கூட வேண்டாம். அதே பரிமாற்றத்தைச் செய்துவிட்டு, 31 வயதுச் சால்மன்ஸையும் சகித்துக்கொண்டு, அந்தப் பத்தாவது இடத்திலேயே அவர் பெயரைச் சொல்லியிருக்கலாம்.