பிளே ஸ்டோர் வயது முத்திரையா, ஆப்பிள் முத்திரையா?

ஏழாம் வகுப்புப் பையனுக்குப் புது ஆண்ட்ராய்டு போனா, மச்சினன் தருவதாகச் சொன்ன பழைய ஐபோனா என்று வீட்டில் ஒரு பேச்சு ஓடியது. விலை, கேமரா, பேட்டரி எல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை. நான் பார்த்தது, கேம்களுக்கு ஆண்ட்ராய்டின் பிளே ஸ்டோரும் ஐபோனின் ஆப் ஸ்டோரும் போடும் வயது முத்திரையை, அதாவது எந்த வயதுக்கு மேல் ஆடலாம் என்ற குறியை. முடிவில் ஆண்ட்ராய்டுதான் வாங்கினேன்.

எண்களில் பெரிய வித்தியாசம் இல்லை. பிளே ஸ்டோரில் கேம் தயாரித்தவர் ஒரு கேள்வித்தாளை நிரப்புகிறார்: சண்டை உண்டா, ரத்தம் தெரியுமா, சூதாட்டம் உண்டா என்று. அந்தப் பதில்களை வைத்து ஐஏஆர்சி என்ற சர்வதேச வயது மதிப்பீட்டு முறை நாட்டுக்கு நாடு முத்திரை தருகிறது. அமெரிக்காவில் ஈஎஸ்ஆர்பி, ஜெர்மனியில் யுஎஸ்கே என்ற அமைப்புகளின் முத்திரை. நமக்குப் பொதுவான 3, 7, 12, 16, 18. ஆப்பிளும் கேள்வித்தாள்தான் கொடுக்கிறது, அளவுகோல் மட்டும் சொந்தம். 4, 9, 12, 17 என்று இருந்ததை 2025-ல் 4, 9, 13, 16, 18 என்று மாற்றினார்கள். இரண்டிலும் தயாரித்தவர் சொல்வதே அடிப்படை என்பதால், எது கறார் என்று வாதாடிப் பிரயோசனமில்லை.

எனக்கு முக்கியம், வயதுக்கு மீறிய கேமை இறக்கவிடாமல் போனில் போடும் பூட்டை யார் பார்த்துக்கொள்வது என்பது. பள்ளி நாளில் பையன் பாளையங்கோட்டையில் எங்களோடு. லீவு விட்டால் கல்லிடைக்குறிச்சியில் ஆச்சி வீடு. அங்கே ஆச்சி, தாத்தா, மதினி எல்லார் கையிலும் ஆண்ட்ராய்டு, எல்லாம் அவன் கையில். பிளே ஸ்டோர் பூட்டு, போட்ட போனில் மட்டும்தான் வேலை செய்யும். அது குறைதான். ஆனால் பையனுக்குத் தனிக் கணக்கு வேண்டாம். செட்டிங்ஸில் போய் பின் நம்பர் வைத்து, 7 அல்லது 12 என்று தேர்ந்தெடுத்தால் போதும். இரண்டு நிமிட வேலை, எந்த போனுக்கும் ஒரே வழி. பின் நம்பரை மட்டும் ஆச்சியிடம் சொல்லக்கூடாது. "கேட்டாம்ல, சொல்லிட்டேன்" என்பார் ஆச்சி, கொஞ்சமும் கவலைப்படாமல்.

ஓட்டைகள் உண்டு. கூட்டாளி அனுப்பும் ஏபிகே கோப்பை (கடைக்குப் போகாமல் நேராக கேமை ஏற்றும் கோப்பு) இந்தப் பூட்டு கண்டுகொள்ளாது. ஏற்கெனவே இறக்கிய கேம் அப்படியே இருக்கும். இந்த இரண்டிலும் ஆப்பிள் கெட்டி: ஸ்கிரீன் டைம் என்ற கட்டுப்பாட்டு அமைப்பில் வயதை வைத்தால் அதற்கு மேற்பட்ட செயலிகள் திரையிலிருந்தே மறைந்துவிடும், வெளியிலிருந்து ஏற்றுவதும் லேசில்லை. ஆனால் அத்தனை ஆண்ட்ராய்டுக்கு நடுவில் ஒற்றை ஐபோனைப் பூட்டி என்ன லாபம்? ஆப்பிள் பற்றிய இதையும் மச்சினனின் ஐபேடில் லீவில் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன். தினசரிப் புழக்கத்தில் எப்படி என்று சொல்லும் அனுபவம் எனக்கில்லை. வீடு முழுக்க ஐபோன் என்றால் கணக்கு மாறும்.

எண்ணை விட, பிளே ஸ்டோரில் அதோடு வரும் குறிப்பைத்தான் இப்போது முதலில் படிக்கிறேன்: மற்றவர்களோடு பேச வழி உண்டா, உள்ளே காசு கொடுத்து வாங்க வேண்டுமா என்று. முன்பின் தெரியாதவன் சாட்டில் என்ன பேசுவான் என்பதற்கு எந்த முத்திரையும் பொறுப்பேற்காது.

அப்புறம், வயதுப் பூட்டு காசைத் தடுக்காது. தாத்தா போனில் யுபிஐ இருப்பதால், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் சரிபார்ப்பு கேட்கும்படி பிளே ஸ்டோர் செட்டிங்ஸைத் தனியாக மாற்றி வைத்தேன்.