ஒற்றைத் தொட்டி லெவல் கண்ட்ரோல் கிட்: தொட்டி பாஸ், மேனுவல் அரியர்

கண்ட்ரோல் லேபுக்கென்று விற்கும் மேசை மேல் கிட் இது. 15 செ.மீ. உள்விட்டமும் 50 செ.மீ. உயரமும் உள்ள அக்ரிலிக் தொட்டி, அடியில் 8 மி.மீ. துளை, 12 வோல்ட் பம்ப், 4–20 மில்லிஆம்ப் பிரஷர் சென்சார். தொட்டி கச்சிதம், மூட்டுகளில் கசிவு இல்லை.

காலை வாருவது மேனுவல்தான். வெளியேறும் வழியின் தடையை மட்டத்தை ஓட்டத்தால் வகுத்துப் போட்டிருக்கிறார்கள். துளை வழியே போகும் ஓட்டம் மட்டத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அந்த வளைகோட்டுக்கு இயங்கு புள்ளியில் (தொட்டியை ஓட்டப்போகும் மட்டத்தில்) தொடுகோடு போட்டால் தடை அதைப்போல் இரண்டு மடங்கு வரும். 25 செ.மீ. மட்டத்தில், வெளியேற்றக் கெழு (கணக்கில் வரும் ஓட்டத்தில் உண்மையில் வெளியேறும் பங்கு) 0.6 என்று கொண்டால் ஓட்டம் நொடிக்கு 66.8 க.செ.மீ., அதாவது நிமிடத்துக்கு 4 லிட்டர். தொட்டியின் பரப்பு 176.7 ச.செ.மீ. அதைத் தடையால் பெருக்கினால் டைம் கான்ஸ்டன்ட், அதாவது மட்டம் தன் மாற்றத்தில் சுமார் 63% முடிக்க எடுக்கும் நேரம், 132 நொடி. மேனுவலைக் கேட்டால் 66 என்னும். கிராஃப் ஆமை வேகத்தில் ஏறுவதைப் பார்க்கும் மாணவர் சென்சாரைத்தான் சந்தேகிப்பார். அது பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை.

ஸ்டெப் (ஓட்டத்தை ஒரே தாவலில் மாற்றுவது) அளவிலும் இதே கதை. ஓட்டத்தை 10% கூட்டினால் மட்டம் 30.25 செ.மீ.யில் நிற்கும், தொடுகோட்டை வைத்த நேர்கோட்டு மாதிரி 30 சொல்லும். அந்த வித்தியாசம் பரவாயில்லை. மேனுவல் சொல்கிறதே என்று 50% கொடுத்தால் தண்ணீர் 56 செ.மீ.யைத் தேடிப் போகும், 50 செ.மீ. தொட்டியில்! துடைக்கத் துணி தயாராக இருக்கட்டும்.

பி.ஐ. (புரப்போர்ஷனல்-இன்டக்ரல்: மட்டத்தின் பிழைக்கும் அது சேர்ந்துவரும் அளவுக்கும் ஏற்பப் பம்பைத் திருத்தும் முறை) டியூனிங் மேனுவல் பயமுறுத்துகிற அளவுக்குக் கஷ்டமில்லை. 9 செ.மீ. மட்டத்தில் டைம் கான்ஸ்டன்ட் 79 நொடியாக இறங்கும், கெயினும் (ஓட்டம் ஒரு அலகு மாறினால் மட்டம் எவ்வளவு மாறும் என்பது) அதே விகிதத்தில் இறங்கும். டைம் கான்ஸ்டன்டைக் கெயினால் வகுத்தால் எந்த மட்டத்திலும் தொட்டியின் பரப்புதான் மிஞ்சும். அதனால் புரப்போர்ஷனல் கெயினைத் தொடவே வேண்டாம்: மூடிய வளையத்துக்கு (சென்சார் சொல்வதைப் பார்த்துப் பம்ப் தானே சரிசெய்யும்போது) டைம் கான்ஸ்டன்ட் 30 நொடி வேண்டுமென்றால் 176.7 வகுத்தல் 30, சுமார் 5.9. இன்டக்ரல் நேரத்தை மட்டும் அந்தந்த மட்டத்தின் டைம் கான்ஸ்டன்டுக்கு வையுங்கள். 9 செ.மீ.யிலும் 132 நொடியையே விட்டுவைத்தால் மட்டம் செட்பாயிண்டுக்கு (நாம் வைத்த இலக்கு மட்டத்துக்கு) பக்கத்தில் வந்து இழுத்துக்கொண்டே கிடக்கும்.

பெட்டியைப் பிரித்ததும் ஐந்து மட்டங்களில் ஜாடியும் ஸ்டாப்வாட்சும் வைத்து ஓட்டத்தை அளந்து, அதன் வர்க்கத்தை மட்டத்துக்கு எதிரே வரையுங்கள். கோடு மட்ட அச்சை மைனஸ் 4-ல் வெட்டினால், தண்ணீர் வெளியே விழும் இடம் ஸ்கேலின் பூஜ்யத்துக்கு 4 செ.மீ. கீழே இருக்கிறது. மேலே உள்ள கணக்கில் மட்டம் வரும் இடத்திலெல்லாம் அந்த 4-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். சென்சார் 25 செ.மீ.யில் 4–20-க்கு நடுவான 12 மில்லிஆம்ப் காட்டாவிட்டால், கேலிபரேஷனில் கை வைக்குமுன் அதன் குழாயை லேசாக அழுத்தி விடுங்கள். உள்ளே காற்றுக் குமிழ் மாட்டியிருக்கலாம்.