வேட்பாளர் பிரமாணப் பத்திரத் தளம்: ஒரு சபைக்காரரின் மதிப்புரை

இந்தியத் தேர்தல் ஆணையம் நடத்திவரும் வேட்பாளர் பிரமாணப் பத்திர இணையதளத்தையும், அதற்குப் பின்னர் வந்த ‘நோ யுவர் கேண்டிடேட்’ என்ற கைபேசிச் செயலியையும் சில தேர்தல்களாகப் பயன்படுத்தி வருகிறேன். மிக்ஸிக்கும் மீன் சாப்பாட்டுக் கடைக்கும் நட்சத்திரம் போட்டு மதிப்புரை எழுதுகிற நாம், ஐந்தாண்டுக் காலத்தைத் தீர்மானிக்கிற ஓர் இலவசச் சேவையைப் பற்றி எழுதாமல் இருப்பது சரியாகப் படவில்லை. நான் கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் தாலுகாவைச் சேர்ந்தவன்; சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் ஞானஸ்நானம் பெற்று அங்கேயே இன்றும் ஆராதனைக்குப் போகிறவன். கூட்டுறவு வங்கியொன்றின் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாட்டா காலந்தொட்டு எங்கள் வீடு ஒரே கட்சிக்கு வாக்களித்து வருகிறது. அது எந்தக் கட்சி என்று சொன்னால், இந்த மாவட்டத்தில் அதன்பிறகு மதிப்புரையை யாரும் படிக்க மாட்டார்கள், கட்சியைத்தான் படிப்பார்கள் என்பதால் சொல்லாமல் விடுகிறேன்.

முதலில் இந்தச் சேவை எதைத் தருகிறது என்பதைச் சொல்லிவிடலாம். வேட்புமனுவோடு ஒவ்வொரு வேட்பாளரும் படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். நிலுவையிலுள்ள குற்ற வழக்குகள், பெற்ற தண்டனைகள், கடைசி ஐந்தாண்டு வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானம், தம்முடையதும் வாழ்க்கைத் துணையுடையதும் சார்ந்திருப்போருடையதுமான சொத்துகள், கடன்கள், அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கி, தொழில், அரசோடு உள்ள ஒப்பந்தங்கள், கல்வித் தகுதி ஆகியவை அதில் இருக்கும். 2002 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பினால் வாக்காளருக்குக் கிடைத்த உரிமை இது. இதை முடக்கப் பார்த்த சட்டத் திருத்தத்தையும் 2003-இல் அதே நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியது. இந்தப் பத்திரத்தைத்தான் தளம் அப்படியே ஸ்கேன் செய்து வெளியிடுகிறது. கட்டணம் இல்லை, பதிவு செய்துகொள்ள வேண்டியதும் இல்லை. தேர்தலையும் மாநிலத்தையும் தொகுதியையும் தேர்ந்தெடுத்தால் வேட்பாளர் பட்டியல் படத்தோடு வந்துவிடும்.

குறைகளும் உண்டு. தேடும் கட்டங்கள் ஆங்கிலத்தில் இருப்பதால், தமிழ் மட்டும் வாசிக்கும் என் மனைவியின் அக்காவுக்கு நான் உடனிருந்து காட்ட வேண்டியிருந்தது. பக்கங்கள் சில தலைகீழாகவும் சில பக்கவாட்டிலும் ஸ்கேன் ஆகியிருக்கின்றன. கையால் எழுதிய பத்திரங்களில் எண்கள் நோட்டரியின் முத்திரைக்கு அடியில் மறைந்துபோகின்றன. செயலியைவிடக் கணினித் திரையில் பார்ப்பதே கண்ணுக்கு நல்லது. ஒரே ஆள் முந்தைய தேர்தலில் தாக்கல் செய்த பத்திரத்தை இதோடு அருகில் வைத்துக் காட்டும் வசதி இல்லை என்பதுதான் என்னுடைய பெரிய மனக்குறை. அதை நாமே தனியாகத் தேடி எடுத்து, வரி வரியாக ஒப்பிட வேண்டும். ஒரு தன்னார்வ அமைப்பு நடத்தும் ‘மைநேதா’ தளத்தில் இந்த ஒப்பீடு ஓரளவு எளிது. ஆனால் கையெழுத்தோடு உள்ள அசலைப் பார்க்க ஆணையத்தின் தளத்துக்குத்தான் வந்தாக வேண்டும்.

இதைத் தேடி நான் போனதன் காரணத்தையும் சொல்ல வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் 46.85 விழுக்காடு, இஸ்லாமியர் 4.20 விழுக்காடு. இந்தக் கணக்கை மனப்பாடமாகச் சொல்லாத கட்சிக்காரர் இங்கே கிடையாது. 1982-இல் மண்டைக்காட்டில் தொடங்கிய இந்து-கிறிஸ்தவக் கலவரத்தைக் கண்டவர்கள் இன்னும் எங்களிடையே வாழ்கிறார்கள் என்பதால், ‘நம்ம ஆளு’ என்ற சொல்லைத் தேர்தல் நேரத்தில் யாராவது உச்சரித்தால் எனக்கு உடனே நெஞ்சு கனக்கும். மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவின்படி முறைகேடு; வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் அதில் அடங்கும் என்று 2017 ஜனவரி 2 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அப்படியானால் விசுவாசியான ஒரு வாக்காளர் தம் விசுவாசத்தை வாக்குச்சாவடிக்கு வெளியே செருப்போடு கழற்றி வைத்துவிட்டா போக வேண்டும்? சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கேட்கிறவர்தான் மதத்தைச் சொல்லக் கூடாது. போடுகிறவரின் மனசாட்சிக்கு எந்தத் தடையும் இல்லை.

என் விசுவாசத்தில் வாக்கோடு தொடர்புடையவை என்று நான் கருதுபவை இரண்டு. ஒன்று, ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று பேச வேண்டும் என ஓய்வுநாள் பள்ளியில் கற்ற பாடம். மற்றொன்று மது. மிஷனரிமார் காலத்திலிருந்தே மதுவிலக்கை வலியுறுத்திவந்த சபை மரபில் வளர்ந்த எனக்கு, சாராயத்தில் சம்பாதிப்பவர் என் பெயரால் சட்டமன்றத்தில் உட்காருவதை ஏற்றுக்கொள்ள முடியாது. இந்த இரண்டையும் மேடைப் பேச்சைக் கேட்டுச் சோதிக்க இயலாது. வேட்பாளர் சத்தியப் பிரமாணம் செய்து கையெழுத்திடும் இந்தப் பத்திரம் ஒன்றில்தான், அவர் சொல்வது பொய்யானால் அதே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125-ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். தேர்தல் காலத்தில் அவர் பேசுகிற எல்லாவற்றிலும் எனக்குப் பயன்பட்டது அந்தச் சில பக்கங்களே.

ஒரு தேர்தலில் எங்கள் கட்சியின் வேட்பாளருடைய பத்திரத்தைத் திறந்தபோது நான்கு வழக்குகள் நிலுவையில் இருப்பதாகக் கண்டேன். இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது என்பதைப் புதிதாகப் பயன்படுத்துகிறவர்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன். மூன்று வழக்குகள் இந்திய தண்டனைச் சட்டத்தின் 143, 188, 341 பிரிவுகளில் பதிவானவை. சாலை மறியலில் உட்கார்ந்த எவர் மேலும் விழக்கூடிய பிரிவுகள் அவை. துறைமுகத்துக்கும் மணல் ஆலைக்கும் எதிராகக் கடற்கரை ஊர்கள் போராடிய மாவட்டத்தில் அப்படியொரு வழக்கு இல்லாத பொதுவாழ்வுக்காரர்மேல்தான் எனக்குச் சந்தேகம் வரும். நான்காவது வழக்கு 420. அது மோசடி. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சம்ஹிதை 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டதால், அதன்பிறகு நடந்த குற்றங்களுக்கான வழக்குகளில் மோசடி 318(4) என்றும், அரசு ஊழியரின் உத்தரவை மீறியது 223 என்றும் காணப்படும். பழைய எண்களை மட்டும் மனதில் வைத்திருப்பவர்கள் ஏமாந்துவிடக் கூடாது. பத்திரத்தில் நீதிமன்றத்தின் பெயரும் வழக்கு எண்ணும் தரப்பட்டிருப்பதால், நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் ஈ-கோர்ட்ஸ் தளத்தில் அதைத் தட்டி, வழக்கு எந்த நிலையில் நிற்கிறது என்று பார்த்தேன். வாய்தா மேல் வாய்தாவாகப் போய்க்கொண்டிருந்தது.

இத்தகைய வேட்பாளரை ஏன் நிறுத்தினோம் என்று கட்சியே காரணம் சொல்ல வேண்டும் என்பது 2020 பிப்ரவரி 13 அன்று உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு. வெற்றி வாய்ப்பு மட்டுமே காரணமாக இருக்கக் கூடாது என்றும் அது சொன்னது. சி-7 என்ற அந்தப் படிவத்தைக் கட்சியின் இணையதளத்தில் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆனது. மக்களிடம் செல்வாக்கு மிக்கவர், நீண்டகாலம் தொண்டாற்றியவர் என்று எழுதியிருந்தது. பக்கத்துத் தொகுதி வேட்பாளருக்கும் அதே வாசகம். ஊர்ப் பெயர் மட்டும்தான் மாறியிருந்தது. கடன் விண்ணப்பத்தில் இப்படி ஒரு காரணத்தை எழுதிக் கொண்டுவந்தவரை நான் ஒருபோதும் மேலாளர் அறைக்கு அனுப்பியதில்லை.

எதிர்க்கட்சி வேட்பாளரின் பத்திரத்தில் வழக்குகள் எதுவும் இல்லை. தொழில் என்ற இடத்தில் சமூகப்பணி என்றிருந்தது. ஐந்தாண்டு வருமானம் ஒரு சாதாரண குமாஸ்தாவின் வருமானத்தைத் தாண்டவில்லை. ஆனால் முந்தைய தேர்தலில் காட்டிய நிலத்தோடு இப்போது மேலும் எழுபது சென்ட் சேர்ந்திருந்தது, கடனும் இல்லை. மார்த்தாண்டத்தைச் சுற்றி ஒரு சென்ட் என்ன விலைக்குப் போகிறது என்று தெரிந்த எவருக்கும் அந்தப் பத்திரத்தில் போட்டிருந்த மதிப்பு சிரிப்பை வரவழைக்கும். அரசு ஒப்பந்தங்கள் என்ற பகுதியையும் மதுவுக்காகவே தேடிப் படித்தேன். இருவருமே இல்லை என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கேள்வி வேட்பாளரையும் துணையையும் சார்ந்திருப்போரையும் பற்றி, அவர்கள் பங்கு வைத்திருக்கும் நிறுவனங்களைப் பற்றிக் கேட்கிறதே தவிர, தனிக் குடும்பமாக வாழும் உடன்பிறந்தாரைப் பற்றிக் கேட்பதில்லை. டாஸ்மாக் கடையோடு ஒட்டிய மதுக்கூடம் யாருடைய தம்பியின் பெயரில் ஓடுகிறது என்று ஊருக்கே தெரிந்திருந்தாலும் படிவத்துக்குத் தெரிய வழியில்லை. ஆணையம் இதைத் திருத்தினால் என் மதிப்பீடு ஒரு படி உயரும்.

இந்தக் காகிதங்களை எடுத்துக்கொண்டு, பல தேர்தல்களில் வாக்குச்சாவடி முகவராக இருந்த என் சித்தப்பாவிடம் போனேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 420 என்ற இடத்தைப் பார்த்தார், பேசாமல் மடித்துத் தந்தார். பிறகு சொன்னார்: “மக்களே, ஆளுக்கு ஓட்டுப் போட்டா அவன் நாளைக்கு உன் சொல்லையா கேப்பான்? கட்சி சொன்னதத்தான் செய்வான். பின்ன எதுக்காக்கும் நீ ஆளப் பாக்குத?” கட்சி வெறியில் பேசியதாக நினைத்துத்தான் நான் வீட்டுக்கு வந்தேன். யோசித்துப் பார்த்தபோது சட்டமே அவர் பக்கம் நிற்பது தெரிந்தது. கட்சித் தாவலைத் தடுக்க 1985-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணையின்படி, கட்சிக் கொறடாவின் உத்தரவுக்கு மாறாக அவையில் வாக்களிக்கும் உறுப்பினரைக் கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் அவர் பதவியை இழக்க நேரிடும். நான் எவ்வளவு உத்தமரைத் தேர்ந்தெடுத்தாலும், மதுக்கடை பற்றிய தீர்மானத்தில் அவருடைய மனசாட்சி எழுந்து நிற்க முடியாது. அவருடைய கட்சிதான் கை தூக்கும். கட்சிப் பற்றை வெறும் பழக்கம் என்று எண்ணியிருந்த எனக்கு, அதற்குள்ளும் ஒரு நியாயம் இருப்பதை இந்தத் தளம் சொல்லித் தரவில்லை, சித்தப்பா சொல்லித் தந்தார்.

ஆனால் கொறடாவின் கை எட்டாத இடங்களும் உண்டு. தொகுதி மேம்பாட்டு நிதியில் எந்தச் சாலை போடப்படுகிறது, குவாரி லாரி யாருடைய செல்வாக்கில் இரவில் ஓடுகிறது, காவல் நிலையத்துக்கு யாருக்காகத் தொலைபேசி போகிறது என்பவற்றில் கட்சிக் கொள்கை வாய் திறப்பதில்லை. அங்கே ஆள்தான் பேசுகிறார். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி நிதி இருக்கிறது. அதைக் கையாளப்போகிறவர் தம் சொந்தக் கணக்கை எப்படி எழுதுகிறார் என்று பார்ப்பதற்கு இந்தப் பத்திரத்தைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை. அன்றைய நாகர்கோவில் மக்களவைத் தொகுதி 1969 இடைத்தேர்தலில் காமராஜரையும், 1999-இல் பொன். இராதாகிருஷ்ணனையும், 2004-இல் மார்க்சிஸ்ட் கட்சியின் பெல்லார்மினையும் டெல்லிக்கு அனுப்பியது. தமிழகத்தின் முதல் பா.ஜ.க. சட்டமன்ற உறுப்பினர் 1996-இல் பத்மநாபபுரத்திலிருந்துதான் போனார். இவ்வளவு மாறி மாறி வாக்களித்த மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு கேட்டால், ‘நாங்க எப்பவும் ஒரே கட்சியாக்கும்’ என்பதுதான் பதிலாக வருகிறது. எங்கோ யாரோ காகிதத்தைப் படித்திருக்கிறார்கள்.

பத்திரத்தில் நான் முதலில் குறையாக எண்ணிப் பின்னர் நிறைவாக எண்ணிய ஒன்று, அதில் மதம் என்ற கட்டம் இல்லாதது. எங்கள் சபைக்காரரா, எந்தக் கோயிலுக்குப் போகிறவர், நெற்றியில் நாமம் இடும் அய்யாவழிக்காரரா என்று தேடிய என் கண், வேறு வழியில்லாமல் வழக்கு எண்ணிலும் சென்ட் கணக்கிலும் போய் நின்றது.

பயன்படுத்த விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மனுத் தாக்கல் செய்த 24 மணி நேரத்துக்குள் பத்திரம் தளத்தில் ஏறிவிட வேண்டும் என்பது ஆணையத்தின் அறிவுறுத்தல். தேர்தல் நடத்தும் அலுவலரின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்படும். முடிவில் உள்ள சுருக்கத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், அதற்கு முன்னுள்ள விரிவான பகுதியைப் படிக்க வேண்டும். ஒரு பத்திரத்தை மறுத்து யாராவது எதிர்ப் பிரமாணப் பத்திரம் கொடுத்திருந்தால் அதையும் தேடிப் பார்ப்பது நல்லது. கட்டம் காலியாக இருந்தால் தேர்தல் அலுவலர் நிரப்பச் சொல்லலாம், நிரப்பாவிட்டால் மனுவைத் தள்ளலாம். ஆனால் நிரப்பியது உண்மையா என்று அவர் சோதிக்க மாட்டார், பொய் என்று தெரிந்தால் நாம்தான் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவில் திறந்தால் போதும் என்று இருந்துவிடக் கூடாது; முப்பது பக்கத்தைப் படித்து, பழையதோடு ஒப்பிட்டு, வழக்கைத் தேடிப் பார்க்க எனக்கு ஒரு வேட்பாளருக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது.

ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். அரை மதிப்பெண் தலைகீழ்ப் பக்கங்களுக்காகவும், ஒரு மதிப்பெண் அந்தத் தம்பியின் மதுக்கூடத்துக்காகவும் குறைத்திருக்கிறேன். சித்தப்பா அடுத்த முறை அச்செடுத்துத் தரும்போது எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கித் தரச் சொல்லியிருக்கிறார்.