கைப்பலகை: மூன்று வருடம் மாரடித்த கதை

உசிலம்பட்டிப் பக்கம் வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார்: "சார், உங்கள் வகுப்பில் இருக்கிற கைப்பலகையை நானும் வாங்கலாமா? விலை இறங்கியிருக்கிறதாமே?" மணி அடித்துவிட்டதால் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதி இது.

கைப்பலகை என்றால், பிள்ளைகள் ஒவ்வொருவரும் மார்க்கரால் விடை எழுதித் தூக்கிக் காட்டும் சின்ன வெள்ளைப் பலகை. மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில் 30 பலகைகளை வாங்கி, மேலூர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பலகையைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டில் மூலை பிய்ந்தது, அவ்வளவுதான்.

என் பிராணனை வாங்குவது மார்க்கர். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன்கூட மூடியைத் திரும்பப் போட்டதாகச் சரித்திரம் இல்லை. மூடினாலும், அதற்கு முன் முனையைக் குத்தி உள்ளே தள்ளியிருப்பான். மாதம் ஒரு பெட்டி, என் சொந்தக் காசு. அழிக்க வேட்டித் துணியைக் கிழித்துக் கொடுத்தால், சட்டைக் கைதான் வசதி என்கிறார்கள். கறைக்கு நியாயம் கேட்டு ஓர் அம்மா பள்ளிக்கே வந்துவிட்டார். கணக்குப் போடாத நேரத்தில் பலகைக்குப் பலகை மஞ்சுவிரட்டுக் காளை. திமில் மட்டும் அளவு பிசகாமல் வரும்.

அப்படியும் ஏன் விடவில்லை? ஒரு நாள் தசம எண்கள் நடத்தி முடித்து, "புரிந்ததா?" என்றேன். "புரிந்தது சார்" என்று வகுப்பே பாடியது. 0.4, 0.35 இரண்டில் பெரியதை எழுதச் சொன்னேன். "மூன்று, இரண்டு, ஒன்று, காட்டு!" 28 பலகைகள் எழுந்தன. 17இல் 0.4. மற்ற 11 பேருக்கு 35 என்பது 4ஐவிடப் பெரியது, கதை முடிந்தது. பாதிக்கு மேல் தேறிவிட்டார்கள் என்று நானும் மகிழ்ந்தேன்.

ஏதோ தோன்றி, 0.4, 0.45 என்று மாற்றிக் கேட்டேன். முதலில் சரியாக எழுதிய 17 பேரில் ஆறு பேர் மறுபடியும் 0.4 என்று காட்டினார்கள். வகுப்பிலேயே எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கும் பெண்ணும் அதில் ஒருத்தி. ஏன் என்றேன். "பத்தில் ஒரு பங்கு நூறில் ஒரு பங்கைவிடப் பெரியது சார். அதனால் புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம் இருப்பதுதான் பெரியது." முதல் பாதி தங்கம், அதிலிருந்து அவள் இறங்கிய இடம்தான் தப்பு. முதல் கேள்வியில் இதே தப்பான வழி அவளைச் சரியான விடையில் கொண்டுபோய் விட்டிருக்கிறது. அந்த 11 பேரோ இரண்டாவதில் 45ஐப் பார்த்துச் சரியாக எழுதிவிட்டார்கள். ஆக, இரண்டாவது கேள்விக்கு 22 பேர் சரி. இரண்டுக்கும் சரியாக எழுதியவர்கள் 11 பேர். அந்த 22ஐத் தேர்வுத் தாளில் பார்த்திருந்தால் சிவப்பு மையால் சரி போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருப்பேன். அப்படி எத்தனை வருடம் போயிருக்கிறேனோ!

பக்கத்துப் பலகையைப் பார்த்து எழுதுவது உண்டு. மார்போடு அணைத்து எழுதவைத்தால் பாதி குறையும். கேள்வி சொத்தையாக இருந்தால் பலகையும் சொத்தைதான். இந்த இரண்டு சோடி எண்களைப் போல யோசித்துக் கேட்க வேண்டும். அதற்கு எனக்கு முதல் நாள் ராத்திரி அரை மணி நேரம் ஆகிறது.

இன்னோர் எரிச்சல். 2012இல், வருடத்தை மூன்று பருவமாகப் பிரித்த முப்பருவ முறையோடு, வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் வரும் தொகுத்தறித் தேர்வுக்கு 60 மதிப்பெண் என்று வந்தது. வளரறி என்றால் படிக்கும்போதே கண்டுபிடிப்பது என்றுதான் நான் புரிந்துகொண்டேன். பலகை செய்வது அச்சு அசலாக அதைத்தான். ஆய்வுக்கு வந்தவரோ, "பதிவு எங்கே சார்?" என்றார். துணியில் இருக்கிறது என்று சொல்ல முடியுமா? செயல்பாட்டுக்காக அப்பா வெட்டி அம்மா ஒட்டிக்கொண்டு வந்த சார்ட் அட்டைக்கு மட்டும் பதிவு உண்டு, பத்துக்குப் பத்து மதிப்பெண்ணும் உண்டு. இப்போது பலகைகளை அழிப்பதற்கு முன் செல்போனில் படம் எடுக்கிறேன். போனில் பேத்தி படத்துக்கு இடமில்லை என்று வீட்டில் சண்டை.

நேற்று மறுபடியும் நான்கு மார்க்கர் காய்ந்துவிட்டன. ஆகவே டீச்சர், வாங்காதீர்கள். சிலேட்டும் குச்சியும் போதும். கடைசி பெஞ்சில் எழுதியது முன்னால் நிற்பவருக்குத் தெரியாது, அது ஒன்றுதான் குறை. நான் ஞாயிற்றுக்கிழமை மார்க்கர் வாங்க டவுனுக்குப் போகிறேன். உங்களுக்கும் ஒரு பெட்டி வேண்டுமென்றால் சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.