ப்ராஜெக்ட் பெயரை மாற்றும் டூல்: ஏஜெண்டுக்கு எப்படி எழுதிக் கொடுப்பது?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு ஆர்டர் டிராக்கிங் சாஃப்ட்வேர் செய்து கொடுத்திருக்கிறோம். அதில் ஒவ்வொரு ஆர்டரும் ஒரு ப்ராஜெக்ட். பையர் நடுவில் ஸ்டைல் பெயரை மாற்றுவார். நாமும் மாற்ற வேண்டும். இந்த வேலையை ஏஐ ஏஜெண்டிடம் (சொன்னதைப் புரிந்துகொண்டு தானே வேலையை முடிக்கும் ஏஐ) விட்டுவிடலாமென்று, அது கூப்பிட்டுப் பயன்படுத்த ஒரு டூல் எழுதினோம். கோட் சின்னதுதான். விளக்கம் எழுதுவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது.

ஏஜெண்ட் நம் கோடைப் பார்ப்பதில்லை. 2024 நவம்பரில் ஏஐ நிறுவனமான ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி (ஏஜெண்டையும் டூல்களையும் இணைக்கும் பொது விதிமுறை) முறையில், டூலின் பெயர், அதன் டெஸ்க்ரிப்ஷன், உள்ளீடுகளுக்கான ஜேசன் ஸ்கீமா (எந்த உள்ளீடு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் படிவம்) ஆகியவற்றை வைத்துத்தான் அது முடிவெடுக்கிறது. நாங்கள் மூன்று விதமாக எழுதிப் பார்த்தோம்.

முதலாவது, ஒற்றை வரி: “ப்ராஜெக்ட்டின் பெயரை மாற்றும்.” இரண்டே நாளில் மெர்ச்சண்டைசர் அக்கா கூப்பிட்டார். “ஏனுங்க தம்பி, போன வருசம் அனுப்புன ஆர்டரு பேரு எதுக்குங்க மாறியிருக்குது?” ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு ஆர்டர்கள் இருந்தன, ஏஜெண்ட் முதலில் கிடைத்ததை எடுத்துக்கொண்டது. ஒற்றை வரியை இதற்கு மேல் அலசத் தேவையில்லை.

இரண்டாவது, முழுக் கையேட்டையும் டெஸ்க்ரிப்ஷனில் கொட்டுவது. எங்கள் சீனியருக்கு இதுதான் பிடித்தது. “எல்லாத்தையும் எழுதிப் போடு கண்ணு, அது படிச்சுக்கும்” என்றார். படிக்கத்தான் செய்தது. ஆனால் பல ஏஜெண்டுகளில் டெஸ்க்ரிப்ஷன் உரையாடலின் தொடக்கத்திலேயே ஏற்றப்படுகிறது; அன்றைக்கு யாரும் பெயர் மாற்றாவிட்டாலும் டோக்கன் (ஏஐ படிக்கும் உரையை அளக்கும் துண்டுக் கணக்கு) கரையும். பத்து டூலுக்கும் இப்படியே எழுதினால் கேட்கவே வேண்டாம். அதைவிட மோசம், கோட் மாறிய பிறகும் கையேடு பழையதையே சொல்லிக்கொண்டிருந்தது.

மூன்றாவது, விஷயத்தைப் பிரித்துப் போடுவது. இப்போது ஓடுவது இதுதான். என் ஓட்டும் இதற்கே. டெஸ்க்ரிப்ஷனில் ஐந்தே வாக்கியம்:

“ப்ராஜெக்ட்டின் காட்சிப் பெயரை மட்டும் மாற்றும். ஐடி, லிங்க், இன்வாய்ஸ் எண் மாறாது. ஐடி தெரியாவிட்டால் முதலில் தேடல் டூலைப் பயன்படுத்தவும். பெயரை வைத்து ஊகிக்க வேண்டாம். ஸ்டைல் நம்பரை மாற்ற இதைப் பயன்படுத்தக் கூடாது.”

இதில் என்ன செய்யும் என்பதைவிட எது மாறாது என்பதுதான் கனமான வரி. திருப்பூரில் சென்னைக்குச் சேரன் எக்ஸ்பிரஸ் ஏறுகிறவருக்கு இது புதிதல்ல. மெட்ராஸ் 1996-ல் சென்னை ஆனது, 2019-ல் சென்ட்ரலுக்கு எம்.ஜி.ஆர் பெயர் வந்தது, ஆனால் ஸ்டேஷன் குறி இன்றும் எம்ஏஎஸ்தான். சாஃப்ட்வேர் உலகத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வழக்கம். கூகுள் கிளவுடில் ப்ராஜெக்ட் பெயரை மாற்றலாம், ஐடியை மாற்றவே முடியாது. கோடைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேபில் பெயர் தனி, முகவரிப் பாதை தனி. அதே போன்ற கிட்ஹப்பில் ரெபோ (ஒரு ப்ராஜெக்ட்டின் கோட் தொகுப்பு) பெயரை மாற்றினால் முகவரியே மாறும். பழைய முகவரி புதியதற்குத் திருப்பிவிடும், ஆனால் அதே கணக்கில் பழைய பெயரில் இன்னொரு ரெபோ தொடங்கினால் அந்தத் திருப்பல் போச்சு. இத்தனையையும் படித்து வளர்ந்த மாடல் (ஏஜெண்டுக்குள் இருக்கும் ஏஐ), நம் டூல் எந்த வகை என்று சொல்லாவிட்டால் தானாக ஒன்றை நினைத்துக்கொள்ளும்.

பெயரின் நீள வரம்பை ஸ்கீமாவுக்குத் தள்ளிவிட்டோம். தமிழில் பெயர் வைப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும்: “கோயம்புத்தூர்” கண்ணுக்கு 7 எழுத்து, துணைக்குறி, புள்ளியையெல்லாம் தனித்தனியாக எண்ணும் யூனிகோட் கணக்கில் 13, கம்ப்யூட்டர் சேமிக்கும் யுடிஎஃப்-8 பைட்டில் 39. ஜேசன் ஸ்கீமாவின் வரம்பு யூனிகோட் கணக்கைப் பார்க்கும். டேட்டாபேஸ் பைட்டைப் பார்த்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். பெயரை மொழிபெயர்க்காமல் பயனர் தந்தபடியே அனுப்பச் சொல்லும் குறிப்பும் அந்த உள்ளீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

மீதியெல்லாம் எரர் மெசேஜில். முன்பு “இந்தப் பெயர் ஏற்கெனவே உள்ளது” என்று மட்டும் சொன்னோம். ஏஜெண்ட் தானாகவே கடைசியில் ஒரு 2 ஒட்டி வேலையை முடித்துவிட்டது. கட்டிங் செக்‌ஷனில் எது எந்த ஆர்டர் என்று குழம்பிப்போனார்கள். இப்போது அதே மெசேஜ், மோதும் ப்ராஜெக்ட்டின் ஐடியைக் காட்டி, “நீங்களாகப் பெயரைத் திருத்தாமல் பயனரிடம் கேட்கவும்” என்கிறது. தேவைப்படும் நேரத்தில் மட்டும் வருவதால் டோக்கனும் மிச்சம்.

எம்சிபியில் டூலின் தன்மையைச் சொல்லும் சில அடையாளக் குறிப்புகளும் உண்டு. ஒரே பெயரை இரண்டு முறை அனுப்பினாலும் விளைவு ஒன்றுதான், அதைத் தயங்காமல் குறிக்கலாம். அழிக்கும் செயலா என்ற இடத்தில்தான் எங்களுக்குள் வாய்த்தகராறு. பழைய பெயர் போய்விடுகிறதே என்றார் சீனியர். கடைசியில் பதிலில் பழைய பெயரையும் சேர்த்தே அனுப்புகிறோம். வேண்டுமென்றால் ஏஜெண்டே திருப்பி வைக்கலாம். எப்படியும் இவை வெறும் குறிப்புகள், பூட்டு அல்ல. அனுமதிச் சோதனை சர்வரில்தான் இருக்க வேண்டும்.

சீனியரின் கையேட்டைத் தூக்கிப் போடவில்லை. புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு அதைத்தான் கொடுக்கிறோம்.